பிப்ரவரி பதினொன்று

அடுப்பு சூடேறும் முன்பே உர்மெட் கேட்டான்:
"இன்றைக்கு எத்தனை சென்டிமீட்டர்?"
திரையில் இருபத்தேழு.
திரையின் மூலையில் பிப்ரவரி பதினொன்று.
சுவர் நாட்காட்டியில் மார்ச் நான்கு.

ஜன்னலுக்கு வெளியே
ஹீயுமா தீவிலிருந்து பெருநிலம் வரை
கடல்மேல் நீளும் பனிச்சாலை.
ஓரமெல்லாம் ஊன்றிவைத்த ஜூனிப்பர் கிளைகள்.
சீட் பெல்ட்டைக் கழற்று என்று ஒரு பலகை,
மூழ்கினால் வெளியே வர வேண்டுமே.
ரொட்டி வண்டி எட்டு மணிக்கு வரும்.

நான் துளைக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
முந்நூறாவது அடியில் ஒரு துளை.
அளவுகோலைக் கொக்கிபோல் மாட்டி இழுத்தேன்:
பத்தொன்பதரை.
இன்னொரு துளை. பத்தொன்பது.
ஓடிவந்து கையசைத்தேன்.
உர்மெட் தடுப்புக் கட்டையை இறக்கினான்,
பிறகு வெகுநேரம் பேசவில்லை.

மெமரி கார்டே,
கட்டைவிரல் நகம் அளவு உடம்பே,
நீ பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.
நிமிடத்துக்கொரு முறை உணரி எண் அனுப்பியது.
வாங்கினாய். எழுதிவிட்டேன் என்றாய்.
பலகையும் நம்பியது, நாங்களும் நம்பினோம்.
மூன்று வாரம் நீ எழுதியதெல்லாம்
மின்சாரம் இருக்கும் வரைக்கும் மட்டும் இருந்த எழுத்து.
நேற்றிரவுப் புயலில் விளக்கு அணைந்தது,
இணையக் கம்பமும் சாய்ந்தது.
சொந்தக் கடிகாரம் இல்லாத பலகை
நேரம் கேட்க உன்னிடம்தான் வந்தது.
உன்னிடம் இருந்த கடைசி நாளை
எடுத்துக் கொடுத்தாய்.

யார்மேல் குற்றம்?
வெப்பம், காற்று, பயனர் வந்தார், பயனர் போனார்,
ஒன்றுமே நடக்கவில்லை என்பதைக்கூட
ஒரு வரியாகக் குறித்துவை என்று
உனக்குக் கட்டளை போட்டது நான்.
எழுத எழுதத் தேயும் உடம்பு என்று தெரிந்தும்.

லீமி தன் பழைய மடிக்கணினியைப் பிரித்து
ஒரு எஸ்.எஸ்.டி கொடுத்தாள்,
சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் மெல்லியது.
அதைப் பொருத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது
என்று எழுதத்தான் ஆசை.
முதலில் திரையில் மஞ்சள் மின்னல் குறி:
மின்சாரம் போதவில்லையாம்.
தடித்த அடாப்டர் வாங்க
மூடிய சாலைக்குப் பதில் விமானம்.
பிறகு வைஃபை செத்தது.
நீலத் துளையில் செருகிய வட்டு
காதருகே இரைவதுபோல் அலைகளைக் குழப்புகிறது என்று
இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது.
அரை மீட்டர் கேபிள் போட்டு
கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன்.
இப்போது அங்கேதான் இருக்கிறது,
உர்மெட்டின் ஈரத் தொப்பிக்குப் பக்கத்தில்.

விழிப்பது வேகம். அதை ஒப்புக்கொள்கிறேன்.
முன்பு காபி கொதித்து முடியும்;
இப்போது கோப்பையைத் தேடும் முன்பே எண் வந்துவிடுகிறது.
ஆனாலும் இதற்கும் ஒரு கணக்கு உண்டு,
இத்தனை முறைதான் அழிக்கலாம், எழுதலாம் என்று.
நீளமான கணக்கு, அவ்வளவுதான்.
அதனால் தேவையில்லாத வரிகளை நிறுத்தினேன்.
அதனாலேயே நாட்காட்டியின் கட்டங்களிலும்
பென்சிலால் எழுதத் தொடங்கினேன்:
18½. 17. 17. மழை.
குளிரில் மை உறையும், பென்சில் உறையாது.

மே மாதம். கப்பல் திரும்பிவிட்டது.
மேசையைத் துடைக்கும்போது
பழைய கார்டு உர்மெட்டின் கையில் சிக்கியது.
"போட்டுப் பார்ப்போமா?" என்றான்.
உபரிப் பலகையில் செருகினோம்.
மெதுவாக, அதன் பழைய வேகத்தில், கண் திறந்தது.

பிப்ரவரி பதினொன்று.
இருபத்தேழு சென்டிமீட்டர்.
சாலை திறந்திருக்கிறது.

வெளியே கப்பலின் ஹாரன்.
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம்
அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
ரொட்டி வண்டி வருகிறதா என்று.