ரேகை விழவில்லை

கட்டை விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.
சேலைத் தலைப்பில், பிறகு என் கைக்குட்டையில்,
பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி.
முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்
வழவழவென்று இருந்தது,
ஆற்றில் கிடந்த கல்லைப் போல.

கோத்தகிரி இ-சேவை மையம். செவ்வாய்க்கிழமை.
மழையும் இல்லை, வெயிலும் இல்லை,
வாசலில் மேகம் மட்டும் காத்திருந்தது
டோக்கன் வாங்காமல்.

பதுளையிலிருந்து கப்பலில் வந்த பாஸ்போர்ட்டில் ஓச்சம்மா.
ரேஷன் அட்டையில் உச்சம்மாள்.
தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் ஒச்சாயி,
புருஷன் பெயர் தகப்பன் இடத்தில்.
"எல்லாம் நாந்தான் சார்" என்றாள்,
மூணு பேருக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பவள் மாதிரி.

ராத்திரிகளில் அஃப்ஸலுல் உலமாவுக்குப் படிக்கிறேன்.
இந்த மாதம் காழியின் எழுத்தர் பற்றிய பாடம்.
எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கெய்ரோவில்
முன்பின் தெரியாதவர் வந்து நின்றால்
எழுத்தருக்குப் பெயர் போதாது.
பெயரை யாரும் சொல்லலாம்.
ஆளைப் பார்த்து எழுதுவார்:
நடுத்தர உயரம். மாநிறம்.
புருவம் இரண்டும் கூடியவை.
இடது பொட்டில் பழைய வெட்டு.
கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை.
விடுதலையான அடிமைக்கும் அப்படித்தான்.
வழியில் யாரும் மறுபடி பிடித்துக் கட்டிவிடாதிருக்க
அவன் தழும்பையே அவனுக்குச் சாட்சியாக
எழுதிக் கொடுத்தார்கள்.
(அந்தத் தழும்பை யார் போட்டது என்று
பாடத்தில் இல்லை. தேடினேன்.)

முக்காடிட்ட பெண் என்றால்
அவளை அறிந்த இருவர் வேண்டும்.
"இவள்தான்" என்றால் மட்டும் போதாது,
எப்படித் தெரியும் என்பார் காழி.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்
கூட வந்த வீராயியிடம்.
இரண்டு கண்ணிலும் புரை, பால் ஊற்றியது போல.
சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"மேகம் எறங்குனா
பக்கத்து நெரையில நிக்கிறவ மூஞ்சி தெரியாது.
காட்டெருமை வந்தாலும் தெரியாது.
கூப்புட்டுக்கிட்டே கிள்ளுவோம்.
இவ குரல் வராட்டி நான் கூடையை எறக்கிருவேன்.
அம்புட்டுதான்."

திரைக்குப் பின்னிருந்து வரும் குரலை வைத்து
சாட்சி சொல்லலாமா?
பார்வை இல்லாதவர் சொன்னால் செல்லுமா?
நூற்றாண்டுக் கணக்கில் தர்க்கம்.
மாலிக்கிகள் செல்லும் என்கிறார்கள்.
நாங்கள் ஹனஃபி. எங்கள் கிதாபில் செல்லாது,
ஒரு குரல் இன்னொரு குரலைப் போல இருக்கக்கூடும்.
போன வாரம்தான் அதைப் பரீட்சைக்கு
மனப்பாடம் செய்தேன்.

இயந்திரம் எந்த மத்ஹபு என்று தெரியவில்லை.
சாட்சி என்றொரு பொத்தான் அதில் இல்லை.

நாலரைக்குக் கரன்ட் போனது.
நாளைக்கு வாங்க, என்றேன்.
டோக்கன் சீட்டின் பின்னால் சும்மா எழுதிப் பார்த்தேன்:
குட்டை. கறுப்பு.
இடது காது, தோடு இழுத்துக் கிழிந்தது.
முன்கையில் கவ்வாத்துக் கத்தி வடு.
விரலில் ரேகை இல்லை.
மூன்று பெயருக்கும் திரும்பிப் பார்ப்பாள்.
கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது.
இதை எழுத நான் யார்?

வெளியே ஐந்தாவது அடியிலேயே
இருவரையும் மேகம் மூடிவிட்டது.
"எங்கடி நிக்கிற?"
"இங்கிட்டுத்தான்."
எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று
கேட்காமலே போய்விட்டார்கள்.