பச்சை முதலில்

பதினெட்டு மீட்டர் கேபிள்,
பிரைலா சந்தையில் பேரம் பேசாமல் வாங்கினேன்.
பொம்பிலியுவுக்கு அதில் வருத்தம்,
பாதிக் காசு அவருடையது.

மூன்றாம் மாடியில் நான், நான்காம் மாடியில் அவர்.
நடுவே ஒரு சாண் கான்கிரீட்,
அதைத் துளைத்துக்கொண்டு ஏறும் வெந்நீர்க் குழாய்.
குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியைப்
பூசாமல் விட்டிருந்தான்
இந்தக் கட்டடத்தைக் கட்டிய யாரோ ஒரு சோம்பேறி.
அவன் நன்றாக இருக்கட்டும்.
கேபிள் அந்த வழியாகத்தான் மேலே போயிற்று.

இணைப்பு ஒன்றுதான், என் பெயரில்.
என் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு:
ஒன்று உலகத்துக்கு,
ஒன்று மேல்மாடிக்கு.

அவருக்கு வேண்டியது இரவில் ஒரு மணி நேரம்.
அக்லாயா ஸ்பெயினில் ஆரஞ்சு பெட்டியில் அடுக்குகிறாள்.
போன் அட்டை பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்,
அதில் மூன்று நிமிடம்
கேட்கிறதா, கேட்கிறதா என்பதற்கே சரி.

ஞாயிற்றுக்கிழமை, என் சமையல் மேசை.
தோலை உரித்தால் எட்டு இழை,
சோடி சோடியாய் முறுக்கிக்கொண்டு.
டிராம் ஓட்டும் விரல்களுக்கு அவை அகப்படவில்லை,
என் நகங்களுக்கு அகப்பட்டன.
பிரித்து, நீவி, வரிசையில் நிறுத்தினேன்.
வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம்...
"ஆரஞ்சா முதலில்?" என்றார்.
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரு முனையும் ஒரே வரிசை, அச்சடித்த மாதிரி.
விளக்கு எரியவில்லை.
வெட்டினேன், மறுபடி நெரித்தேன்.
எரியவில்லை.
எட்டு முனை வாங்கியதில் நான்கு பாழ்.
அவர் மாடிப்படியில் ஏறி இறங்கியே களைத்து
என் வாசலில் செருப்போடு உட்கார்ந்துவிட்டார்.

நான் கப்பல் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள்.
திங்கட்கிழமை, பேரேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பும்போது
சட்டென்று பிடிபட்டது:
இரண்டு பேரும் வரவுப் பத்தியிலேயே எழுதியிருக்கிறோம்!
ஒன்றும் இரண்டும் பேசும் இழைகள்,
மூன்றும் ஆறும் கேட்கும் இழைகள்.
என் வாயை அவர் வாயோடும்
என் காதை அவர் காதோடும் கட்டிவிட்டு
பதில் வரவில்லை என்று அழுதால்?

அன்றிரவு அவர் பக்கத்து முனையை மட்டும் வெட்டினேன்.
பச்சை முதலில், ஆரஞ்சு மூன்றாவதில்.
பார்க்கத் தப்பாகத்தான் தெரிந்தது.
கீழே இறங்கி வருவதற்குள்
குழாயில் இரண்டு தட்டு.
எரிகிறது என்று அர்த்தம்,
முன்பே பேசி வைத்திருந்தோம்.

ஒன்றைப் பேசி வைக்கவில்லை.
பத்து மணிக்குப் பழக்க தோஷத்தில்
என் கணினியை அணைத்தேன்.
குழாய் அதிர்ந்தது:
இரண்டு தட்டு அல்ல, கரண்டியால் ஒரு கலவரம்.
என்னுடையது தூங்கினால்
அவருடையதற்கு உலகம் இல்லை.
அக்லாயா ஏதோ பாதி வாக்கியத்தில் நின்றுபோனாளாம்.
மீதியை மறுநாள் கேட்டதற்கு
மறந்துவிட்டது என்றாளாம்.

இப்போது அணைப்பதில்லை.
கட்டிலுக்கு அருகே விசிறி இரைகிறது,
பச்சைப் பொட்டு சுவரில் துடிக்கிறது.
அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது,
பார்க்கவும் மாட்டேன்.
ஆனால் துடிப்பைப் பார்க்காமல் எப்படி இருப்பது?
படபடவென்று அடித்துக்கொள்ளும்,
பிறகு அசையாமல் நிற்கும்.
நெடுநேரம்.
யாரோ ஒருவர்
எழுதி எழுதி அழிக்கிறார் போலும்.
பிறகு ஒரே ஒரு துடிப்பு.

மின்கட்டணத்தில் பங்கைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்.
பாழான நான்கு முனைகளின் காசுதான்
இன்னும் வந்து சேரவில்லை.
கணக்கில் அப்படியே வைத்திருக்கிறேன்.