தேயிலைப் பை எண் நாற்பத்தொன்று

எஸ்தோனியாவின் தென்கோடி, வோரு பக்கம்.
ஹெல்வேயின் பார்லி வயலோரத்தில்
எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில்
தேயிலைப் பைகளைப் புதைத்தேன்,
யாரும் குடிக்காத அறுபது பைகள்.
எவ்வளவு வேகமாகத் தின்கிறாய் என்று
மண்ணிடம் கேட்க
இதைவிட மலிவான வழி எங்களுக்கு இல்லை.

அன்று என் ஒப்பந்தத்தில்
இருபத்துமூன்று மாதம் மிச்சம்.
சோதனைக்கு வேண்டியது மூன்று குளிர்காலம்.
கழித்தல் கணக்கு எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

கொடி நட வேண்டாம் என்றாள் ஹெல்வே,
விதைக்கும் எந்திரத்தில் சிக்குமாம்.
ஒவ்வொரு பையோடும் ஓர் இரும்பாணியைப் புதைத்தேன்.
அவள் அண்ணன் ஊலோவிடம்
பழைய போரின் தோட்டா தேடும் கருவி ஒன்று இருந்தது.
அதைத்தான் இரவல் வாங்கினேன்.
ஆணிக்கும் தோட்டாவுக்கும்
அது ஒரே குரலில்தான் அழும்.

மே மாதம் கடுகுத் தூளைக் கரைத்து
மரச் சட்டத்துக்குள் ஊற்றினோம்.
எரிச்சல் தாங்காமல் மண்புழுக்கள் மேலே வந்தன.
ஹெல்வேயின் மகன் தாவெத், ஒன்பது வயது,
வாளியைப் பிடித்துக்கொண்டு எண்ணினான்:
பத்து, பதினொன்று,
அய்யோ, இது பாதிதான் இருக்கு.
தலை இருந்தால் ஒன்று, வால் மட்டுமென்றால் கணக்கில்லை,
அதுதான் விதி என்றேன்.
வாலும் நெளியுதே என்றான்.
என்னிடம் பதில் இல்லை. முனைவர் பட்டம் இருந்தது.

தார்த்துவில் இரவுகள்.
புனல்களின் மேல் நாற்பது வாட் விளக்குகள்.
மேல்மண் காயக் காய
ஈரம் தேடி, இருள் தேடி
இறங்கிக்கொண்டே போகும் துள்வாலிகள்,
எள்ளில் பாதி உடம்பு, அதில் ஆறு கால்.
தப்பித்தோம் என்று அவை விழும் இடம்
சாராயக் குப்பி.
கட்டுரையில் இதற்கு ஒரே வரி:
‘ஏழு நாள்களில் பிரித்தெடுக்கப்பட்டன.’
செயப்பாட்டு வினை எவ்வளவு வசதி,
விளக்கைப் போட்டது யார் என்று அது சொல்லாது.

நிதி மறுப்பு வந்தபோது வயலில் நின்றிருந்தேன்.
‘முக்கியமான கேள்வி, கவனமான திட்டம்,
ஆனால் புதுமை போதாது.’
‘போதாது’ மேல் ஒரு துளி சேறு தெறித்திருந்தது.
துடைக்கவில்லை.
அன்றிரவு கெண்ட் நகரிலிருந்து யோசெப் கேட்டான்:
அடுத்த வருடம் நாம் எந்த ஊரில் இருப்போம்?
இங்கே மண்ணின் ஈரம் இருபத்தாறு விழுக்காடு என்றேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் என் அட்டை செல்லாமல் போனது.
ஆய்வகக் கதவின் சிவப்பு விளக்கு
இரண்டு முறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான்.
மண்ணுக்குள் இன்னும் இருபது பைகள்.

ஏப்ரலில் பேருந்தில் வந்தேன், சம்பளமில்லாமல்.
தாவெத்துக்கு இப்போது பதினொன்று. கருவியை அவனே சுமந்தான்.
பாதிப் பைகளைக் காட்டுப்பன்றிகள்
எனக்கு முன்பே அறுவடை செய்திருந்தன.
நாற்பத்தொன்று கிடைத்தது,
வலைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறிய
ஒரு வெள்ளை வேரோடு.
வேரை நறுக்கி, மண்ணை உதறி
அடுப்படிச் சூட்டில் ஒரு நாள் காயவைத்தோம்.

எடை பார்க்க வேண்டும்.
இருந்தது ஹெல்வே ரொட்டி மாவு நிறுக்கும் தராசு.
வைத்தேன். பூஜ்யம் என்றது.
எடுத்தேன், ஊதினேன், மறுபடி வைத்தேன்.
பூஜ்யம்.

தாவெத் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டான்:
பூஜ்யம்னு எழுதட்டுமா?

வேண்டாம் என்றேன்.
‘இந்தத் தராசுக்கு எட்டவில்லை’ என்று எழுது.

கட்டம் சின்னதாக இருந்தது.
ஓரத்தில் தொடங்கி
பக்கத்துப் பையின் கட்டம் வரை
எழுதிக்கொண்டே போனான்.