இடது இடுப்பு இரண்டு விரல் மேலே

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
விசைப்படகெல்லாம் காசிமேட்டில்
தோள் உரசி நின்றுகொண்டிருந்தன.
என் அருவாமனைக்கு வேலையில்லை.
ஐஸ் ஃபேக்டரிக்குப் பக்கத்து வலைக் கிடங்கை
வாடகைக்குப் பிடித்திருந்த இளவேனி கேட்டாள்:
"சும்மா உக்காருங்கக்கா. நாளைக்கு ஐநூறு."
சும்மா உட்கார ஐநூறா?
மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.
புடவையோடுதானே, என்று நாலாவது தடவை.

முதல் வாரம் முழுக்க முழங்கால்.
அதன் பக்கத்தில் ஒரு கணவாய் ஓட்டை வைப்பாள், எடுப்பாள்,
நண்டின் முதுகை வைப்பாள்.
எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து
சாக்கில் கட்டி வந்த அலையாத்தி வேரை
என் விரல்களோடு சேர்த்துப் பார்ப்பாள்.
"இன்னாம்மா, என்ன வெச்சி கொழம்பு வெக்கப் போறியா?"
சிரித்தாள். பென்சில் நிற்கவில்லை.

மீனை நான் பார்க்கும் பார்வை அது.
செதில் எங்கே முடிகிறது, முள் எங்கே திரும்புகிறது,
கத்தி எங்கே போனால் சதை தானாகப் பிரியும்,
கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.
அதற்கப்புறம் அவள்மேல் கோபம் வரவில்லை.

மூன்றாம் வாரம் களிமண்.
திருக்கை, கிடந்த மணலை உதறிவிட்டு
எழும்புமே, அப்படி எழுந்தது தோள்.
விலாவில், அலை இறங்கியபின் கரையில் நிற்கும் வரிகள்.
கழுத்து இருந்தது. அதற்கு மேல்
சங்கின் சுழி போல ஒரு திருப்பம், அவ்வளவுதான்.
கண்ணில்லை, வாயில்லை.
மூக்குத்தியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனது வீண்.

வயிற்றில் ஓட்டை.
"இது இன்னாத்துக்கு?"
"கரையில ஒரு கிளிஞ்சல் கெடச்சுதுக்கா,
அலை தேச்சுத் தேச்சு நடுவுல போயிடுச்சு.
அழகா இருந்துச்சு."

ஸ்டான்லியில் கர்ப்பப்பையை எடுத்து
ஏழு வருஷம் ஆகிறது.
அவளிடம் சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை.
ஓட்டைக்குள் கையை விட்டேன்.
ஈர மண், ஐஸ் ஃபேக்டரிச் சுவர் போலச் சில்லென்று.
கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன்.

பிறகு சொன்னேன்: இடுப்பு தப்பு.
"அளவு சரியாத்தானக்கா இருக்கு?"
"நீ வரஞ்சப்போ குந்திக்கினு இருந்தேன்.
கூடையோட நிக்கசொல்லோ பாரு."
காலிக் கூடையில் செங்கல் போட்டு
இடுக்கிக்கொண்டு நின்றேன்.
முப்பது வருஷமாகச் சூறையும் சங்கராவும் ஏறி உட்கார்ந்த
இடது இடுப்பு, இரண்டு விரல் மேலே.
கம்பியால் வழித்தாள், ஒட்டினாள், மறுபடி வழித்தாள்.
இடுப்பு ஏறியதும் தோள் சாய வேண்டியிருந்தது,
தோள் சாய்ந்ததும் கழுத்து.
ராத்திரி பதினொன்று ஆனது.
மேல்காசு நான் கேட்கவில்லை.

சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து வார்த்தாள்.
எண்ணூரில் என் தங்கையின் கொடித்துணியில்
தினமும் வந்து உட்கார்கிற அதே நிறம்.
காலரியிலிருந்து வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
மீனவப் பெண் என்கிறீர்கள், மீன் எங்கே, வலை எங்கே?
இளவேனி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

தடை முடிந்து படகு திரும்பிய முதல் நாள்,
விடிய இன்னும் நேரமிருந்தது.
கிடங்கு வாசலில் அது லாரிக்குக் காத்து நின்றது,
மேலே மூடிய சாக்கு காற்றில் விழுந்து கிடக்க.
உடைத்த ஐஸை மலை போல ஏற்றிக்கொண்டு
தேசப்பன் தள்ளுவண்டியை ஓட்டி வந்தான்.
"இன்னா சகாயக்கா, வழியில நின்னுகினு!
நவுரு, நவுரு!"
அதைப் பார்த்துத்தான் கத்தினான்.

அது நகரவில்லை.
சந்தின் இந்தப் பக்கம் கூடையோடு நின்ற
நான்தான் நகர்ந்தேன்.