கறுப்பு வயர்

கருமாத்தூர் தாண்டி ஒரு வேகத்தடை.
ஏறி இறங்கியதும்
எல்லாம் போயிற்று:
ஹெட்லைட், தூறலைத் துடைத்த வைப்பர், பாட்டு, இன்ஜின்,
டேஷ்போர்டின் பச்சை எண்கள்.
யாரோ ஒரே கையால் வழித்தெடுத்த மாதிரி.

தன் கனத்திலேயே உருண்டது வண்டி,
சத்தமில்லாமல்.
ஒரு புளியமரத்தை நம்பி ஓரங்கட்டினேன்.

மணி இரண்டேகால் என்றது போன்.
பின்சீட்டில் மொக்கராசு அண்ணன்,
உசிலம்பட்டிக் கல்யாணத்துக்கு
நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டியவர்.
டிக்கியில் அவருடைய கரண்டிகள், ஜாரணி,
கயிறு போட்டுக் கட்டிய அண்டா மூடி.
"என்னத்தா, செத்துப்போச்சா?"
"தெரியலண்ணே."

சாவியைத் திருப்பினேன்.
பேட்டரி இறங்கிய வண்டி
டிக் டிக்கென்று முனகவாவது செய்யும்,
விளக்கு மங்கலாகவாவது கண்ணைத் திறக்கும்.
இதில் ஹாரன்கூட ஊமை.
இறங்கியதல்ல இது,
எங்கோ அறுந்தது.

பானெட்டைத் தூக்கி, போனைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
டெர்மினலில் பச்சையாய்ப் பூத்திருந்ததைக்
குடிதண்ணீர் ஊற்றிக் கழுவி
பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கினேன்.
சாவி. ஒன்றுமில்லை.
மெயின் ஃபியூஸ் முழுசாக இருந்தது.
அதுதான் எரிச்சல்.

மதுரைப் பக்கமிருந்து லாரி வரும்போதெல்லாம்
அண்ணன் வண்டிக்குப் பின்னால் போய்
அண்டா மூடியைத் தூக்கிப் பிடித்தார்.
லாரியின் வெளிச்சத்தை லாரிக்கே திருப்பிக் கொடுத்தது அது.
ஒருவன் திட்டிக்கொண்டே விலகினான்.
"கண்ணு தெரிஞ்சதுனாலதான திட்டுறான்" என்றார்.

ஜம்பர் கேபிளில் கறுப்பு மட்டும்தான் என்னிடம் மிச்சம்.
சிவப்பை வாங்கிப்போனவன் திருப்பித் தரவில்லை.
ஒரு முனை நெகட்டிவில்,
மறுமுனை இன்ஜின்மேல் ஒரு போல்ட்டில்.
பொறி தெறித்தது.
உள்ளே சட்டென்று பாட்டு.
எடுத்தேன், இருட்டு.
வைத்தேன், விட்ட வரியிலிருந்து பாட்டு.

பேட்டரி நல்லது. வழிதான் இல்லை.
எல்லா வண்டியிலும் ஒரு கறுப்பு வயர் இருக்கும்,
பேட்டரியிலிருந்து பாடித் தகரத்துக்கு.
எர்த் என்போம்.
வெளியே போன கரண்ட்
வீடு திரும்புகிற பாதை.
விரலால் அதைத் தடவிக்கொண்டே போனேன்.
இடது மட்கார்டின் உட்புறம்
கை நின்றது.
அந்த இடம் எனக்குத் தெரியும்.

ஆடியில், அரசரடியில், ஒரு மழையில்
மீடியன் கல்லில் நான் இடித்த இடம்.
ஓனர் பவுன்ராஜிடம் சொல்லவில்லை.
இரண்டு மாசச் சீட்டுப்பணத்தைக் கொடுத்து
வில்லாபுரத்துப் பட்டறையில்
ஒரே ஞாயிற்றுக்கிழமையில்
தட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்தது.
"புதுசு மாதிரி வச்சிருக்கியேம்மா"
என்றார் திங்கட்கிழமை.

வயர் போய் உட்காரும் இடத்திலும்
பட்டறைப் பையன் அடித்திருந்தான்,
அக்கறையாக, இரண்டு கோட்டு.
போல்ட்டின் மரை கவ்விய கவ்வலில்தான்
இத்தனை நாள் ஓடியிருக்கிறது.
அதற்குள்ளும் இப்போது துரு.

"சுரண்டணும்ணே, பிளேடு இருக்கா?"
டிக்கியைக் குடைந்து அவர் எடுத்துக் கொடுத்தது
பாத்திரம் துலக்கும் கம்பி நார்.
தேய்த்தேன்.
வெள்ளை உதிர்ந்தது, பழுப்பு உதிர்ந்தது,
ஓர் அங்குலத்துக்குத் தகரம் தெரிந்தது,
மீன் செதிள் மாதிரி.
மணிக்கட்டு நோகும்வரை போல்ட்டை முடுக்கினேன்.

சாவி.

எல்லாம் ஒன்றாய் வந்தது.
எப்போதோ நின்றுவிட்ட தூறலை
வைப்பர் விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கியது.

உசிலம்பட்டியில் இறங்கும்போது
வாடகையில் ஏழு ரூபாய் பிடித்துக்கொண்டார் அண்ணன்,
நார்க் காசு.

டேஷ்போர்டுக் கடிகாரம்
12:00 12:00 என்று துடித்துக்கொண்டிருந்தது.
காலையில் பவுன்ராஜ் பார்ப்பார்.
என்னாச்சு என்பார்.
நாகமலை வரும்வரை
ஒரு பதிலை எடுத்து, வைத்து,
இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன்.
மணியைத் திருத்த ஒரு பட்டன் போதும்.
கை போகவில்லை.