கும்னியோ வீட்டுக் கதவு

சொன்னது நான்தான்.
தொங்யோங் துறைமுகத்தில், சிப்பி உடைக்கும் கொட்டகையில்,
டிசம்பரில், விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது.
முப்பத்தொரு பெண்கள். ரப்பர் அங்கி. இரட்டைக் கையுறை.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
பேச்சுக்குக் கூலி கிடையாது, ஆனாலும் பேசுவோம்.

ஒருத்தி கேட்டாள்: எல்லா ஆறும் கடலுக்குத்தானே, ஜிப்சா?
ஜிப்சா என்பது சபையில் என் பதவி.
காணிக்கை எண்ணுவேன், நாற்காலி அடுக்குவேன்.
இல்லை என்றேன்.
வழி ஒன்றுதான் என்றேன்.
கத்தி முனை ஓட்டுக்குள் நுழைகிற இடமும் ஒன்றுதான்,
வேறெங்கே குத்தினாலும் சிப்பி திறக்காது, கைதான் கிழியும் என்று
உவமையும் சொன்னேன்.
நல்ல உவமை. எனக்கே பிடித்திருந்தது.

எதிர் மேசையில் கும்னியோவின் கத்தி நின்றது.
"அப்போ இவர்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

இவர் என்றால் தோக்சு.
ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு ஜனவரி அலையில்
படகோடு போனவர்.
சபைக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைக்காதவர்
கூரைமேல் ஏறியிருக்கிறார்:
சூறாவளியில் தகரம் பறந்த வருடம்
மூன்று நாள் ஆணி அடித்துவிட்டு
கூலி வேண்டாம், கணவாய் வறுத்துத் தாருங்கள் போதும் என்றவர்.
அந்தக் கூரையின் கீழ் நனையாமல் உட்கார்ந்துதான்
நான் இந்த வசனத்தை மனப்பாடம் செய்தேன்.

எனக்குப் பதில் தெரியும்.
வியாழக்கிழமை வகுப்பில் எழுதிவைத்திருக்கிறேன், பச்சை மையில்.
உண்மை குறுகலாகத்தான் இருக்கும்.
இரண்டும் இரண்டும் நான்கு என்றால் ஐந்துக்குக் கோபம் வருமா.
கலங்கரை விளக்கம் ஒன்றுதான்,
அதோடு யாராவது சண்டைக்குப் போகிறார்களா.
இந்தக் கடைசியை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

கும்னியோ கையுறையைக் கழற்றினாள்.
"விளக்கு," என்றாள்,
"மூழ்கினவன் வீட்டு வாசலுக்கு வந்து
உன் புருஷன் என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லாது."

அன்று அவள் தட்டில் மூன்றரை கிலோ குறைவு.
கணக்கர் அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டில்
ஊறிய முட்டைக்கோஸ் டப்பா என் பக்கம் வரவில்லை.
போதகரிடம் சொன்னேன்.
வெளிச்சம் கண்ணைக் கூசத்தான் செய்யும் என்றார்.
கூசிய கண் வேறு, அழுத கண் வேறு.
முப்பது வருடம் எதிரெதிர் மேசை,
எனக்கு வித்தியாசம் தெரியும்.

அவள் வழி கேட்கவில்லை.
ஒரு ஆளைக் கேட்டாள்.
நான் வரைபடத்தை எடுத்து நீட்டினேன்.

சொன்னது பொய் என்று சொல்லிவிடவும் முடியவில்லை.
சோஜு புட்டிகளுக்கு நடுவே நான் கிடந்த குளிர்காலத்தில்
என்னைத் தூக்கிய கை ஒன்றே ஒன்று.
அவளைச் சமாதானப்படுத்த அதை
இரண்டு என்றோ ஏழு என்றோ
எந்த வாயால் சொல்வேன்?
ஆனால் அந்தக் கை
என்னைத் தூக்கியபோது கூரைமேல் யாரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது என்று
எனக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.
காணிக்கை எண்ணுகிறவள் நான்.
எண்ண என்னிடம் தரப்பட்டது சில்லறை மட்டும்.

தோக்சுவின் நினைவு நாள் இரவு
அழைக்காமலே போனேன்.
பேரிக்காய், உலர்ந்த மீன்,
ஒரு கிண்ணம் சோறு, அதில் செங்குத்தாக ஒரு கரண்டி.
யாரோ வறுத்த கணவாயும் வைத்திருந்தார்கள்.
மகன் தரையில் நெற்றி பட வணங்கினான்.
நான் வணங்கவில்லை.
வணங்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.
நடுக்கூடத்தில் மரம்போல நின்றேன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இறந்தவர் உள்ளே வர
கதவைத் திறந்து வைப்பது அவர்கள் வழக்கம்.
கடல் காற்று விடவில்லை.
கதவு அடித்தது, மறுபடி அடித்தது,
மெழுகுவத்தி இரண்டு தரம் அணைந்தது.

எழுந்து வந்து என்னைப் போகச் சொல்வாள் என்று நினைத்தேன்.
சொல்லுமுன் நானே போனேன், வாசல்வரைக்கும்.
கதவுக்கு முதுகைக் கொடுத்து அங்கேயே நின்றேன்.
வருவாரா என்பதில் என் நம்பிக்கை வேறு,
அது அப்படியேதான் இருக்கிறது, முதுகெலும்பில், குளிரோடு.

கும்னியோ திரும்பிப் பார்த்தாள்.
மன்னித்த முகமில்லை.
"இன்னும் கொஞ்சம் அகலமாக," என்றாள்,
"அவர் தோள் பெரிசு."