பல் பிடுங்கிய வாரம்

முதல் பேட்டி நடந்த வாரம்
எனக்கு ஞானப்பல் இரண்டைப் பிடுங்கியிருந்தார்கள்.
கன்னம் பன் மாதிரி வீங்கி,
கடைவாயில் பஞ்சு.
அதனால் பேசவில்லை.
அவ்வளவுதான் விஷயம்.

டொலீடோவிலிருந்து மூன்று பையன்கள்,
ஒருவன் அழகன், ஒருவன் குறும்பன்,
டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பவன் வாயே திறக்கமாட்டான்
என்று எழுதினாள் பத்திரிகைக்காரி.
மர்மம் என்று ஒரு சொல்லையும் போட்டுவைத்தாள்.
அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து போன்:
"எம்மெட், இனிமேலும் பேசாதே."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
நான் வாயை மூடிக்கொண்டு வீடு வாங்கினேன்.
நீச்சல்குளம் வேறு.
ஒஹாயோவில் வருஷத்துக்குப் பத்து வாரம்
அதில் இறங்கலாம்.

சப்ஸ்டிட்யூட் கேரி.
இதுதான் எங்கள் பேண்டின் பெயர்.
ஒன்பதாம் வகுப்பில், லீவில் போன வாத்தியாருக்குப் பதிலாக வந்து
எரிமலை பற்றிய ஒரே வீடியோவை
மூன்று வாரம் ஓடவிட்டுத் தூங்கியவர்.
இரண்டாவது ஆல்பம் பிளாட்டினம் ஆனதும்
கடிதம் போட்டார்:
கிளீவ்லாண்டுக்கு இரண்டு டிக்கெட் கிடைக்குமா?
அனுப்பினோம்.
மனைவியும் மச்சானும் வந்திருந்தார்கள்.
கேரி, தனக்குப் பதிலாக ஆள் அனுப்பிவிட்டார்.

கார்வினுக்கு நீல முடி,
ஒப்பந்தத்தில் பக்கம் பதினொன்று.
அவனைக் கைவிட்ட பெண் ஒருத்தி உண்டு,
பதினாறு வயதில், ஐஸ் ரிங்க் பார்க்கிங்கில்.
அவளைப் பற்றி முப்பத்தொரு பாட்டு.
அவள் இப்போது பெரிஸ்பர்க்கில் கண் டாக்டர்.
அவன் கண்ணாடிக்குப் பவர் பார்த்துத் தருவதே அவள்தான்.
மேடையில் கண்ணாடி கூடாது என்பதால்
முன்வரிசையில் அழுகிறவர்களை
அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.
நான் பார்த்திருக்கிறேன்.
ஒருத்தி அழுதுகொண்டே பிரெட்ஸல் தின்றாள்.

பேஸ்மென்ட் காலத்து நண்பர்கள்
விலைபோய்விட்டீர்கள் என்றார்கள்.
போனோம்.
முதல் செக்கில் ப்ரூக்ஸ் அவன் அம்மா வீட்டு
ஹீட்டரை மாற்றினான்.
நாங்கள் நாற்பது பேர் வியர்த்துக் குதித்த அதே பேஸ்மென்ட்,
அதே மூலை.
குளிர்காலத்தில் அங்கே போய் நின்றால்
விலை கதகதப்பாக இருக்கிறது.

உண்மையில் நான் ஒரு வாயாடி.
கேட்டுப் பாருங்கள் என் மகள் வில்லாவை.
காரில் ஏறி பெல்ட் போடுவதற்குள் "போதும் அப்பா" என்பாள்.
ஹார்டுவேர் கடையில் ஆணி கேட்டால் மட்டும்
கல்லாவில் இருக்கும் பையன் முகம் வெளுக்கிறான்,
சிலை பேசிவிட்ட மாதிரி.

போன அக்டோபரில், கொலம்பஸில்,
இருபதாம் வருஷ டூர்.
மூன்றாவது பாட்டில் கார்வினின் குரல் உடைந்தது.
நாற்பத்து நாலு வயது, இன்னும் முட்டிக்கால் டிரவுசர்.
ப்ரூக்ஸ் ஆம்ப்பின் பின்னால் குனிந்து
எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.
ஒன்பதாயிரம் பேர்.
ஏர்கண்டிஷனர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.
என் பக்கத்திலும் ஒரு மைக் இருந்தது,
இத்தனை வருஷமும் அலங்காரத்துக்கு.
குனிந்தேன்.

சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன்.
கேரி பற்றி, ஹீட்டர் பற்றி,
பிரெட்ஸல் தின்றவளிடம் ஒரு கேள்வி.

"யாராவது அவனுக்குத் தண்ணி கொடுங்க" என்றேன்.

கூரை பறந்த மாதிரி ஒரு கூச்சல்.
பக்கத்தில் நின்றவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.
மறுநாள் காலைக்குள் டி-ஷர்ட் வந்துவிட்டது,
முதுகில் அதே வாக்கியம், முப்பத்தைந்து டாலர்.
மதியம் கம்பெனியிலிருந்து போன்:
"எம்மெட், தினமும் சொல்.
மூன்றாவது பாட்டில், அதே இடத்தில்."

இப்போது ஊருக்கு ஊர்
கார்வின் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறான்.
அவன் நடிப்பு மோசம்.
நான் கேட்கிறேன், அவர்களும் என்னோடு சேர்ந்து கேட்கிறார்கள்,
தண்ணீர் வருகிறது.

கீழ்த் தாடையில் மிச்சமிருந்த இரண்டும்
பீனிக்ஸில் வலிக்க ஆரம்பித்தன.
டூர் முடியட்டும் என்கிறார் மேனேஜர்.
கன்னம் வீங்கினால்
என்னால் அந்த வரியைச் சொல்ல முடியாதாம்.